எலும்பு முறிந்தால் எத்தனை நாள் வலி மாத்திரை?

எலும்பு முறிந்தவரிடம் போய் "வலிக்கிறதா?" என்று கேட்கத் தேவை இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வலிக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும். அதில் இரண்டாவது பேச்சு கிடையாது.

ஆனால், எந்த மருந்து? எத்தனை நாள்?

இந்த இரண்டு கேள்விகளையும் நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் கேட்பது இல்லை. டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுக்கிறார். ஆறாவது நாளும் வலிக்கிறது. அதே சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். இன்னும் பத்து மாத்திரை. அது தீர்ந்தால் இன்னும் பத்து. சீட்டு கிழிந்துபோன பிறகு பழைய மாத்திரை அட்டையைக் காட்டினாலே போதும். கடையில் கொடுத்து விடுகிறார்கள்.

இப்படி வாரக் கணக்கில் விழுங்கும் சில வகை வலி மாத்திரைகள், முறிந்த எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம். சிலருக்கு எலும்பு கூடாமலே போவதற்கும் அவை ஒரு காரணம் ஆகலாம். டாக்டர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தங்களுக்குள் வாதாடியும் வருகிறார்கள். அந்த வாதம் ஆஸ்பத்திரிச் சுவருக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. மாத்திரையை விழுங்குகிறவருக்கும் அது தெரிய வேண்டும்.

என் கருத்து இதுதான்: எலும்பு முறிந்தவருக்குக் கொடுக்கும் வலி மாத்திரைக்குத் தொடங்கும் நாள் இருப்பது போல, நிறுத்தும் நாளும் இருக்க வேண்டும். அந்த நாளைச் சீட்டிலேயே எழுத வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன்.

எலும்பு எப்படிக் கூடுகிறது?

சுவரில் விரிசல் விழுந்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. கொத்தனார் வர வேண்டும். எலும்பு அப்படி அல்ல. எலும்புக்கு உயிர் உண்டு. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. முறிந்தால் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும் சக்தி அதற்கு இருக்கிறது.

டாக்டர் என்ன செய்கிறார்? விலகிய எலும்பை நேராக வைக்கிறார். அசையாமல் இருக்க மாவுக்கட்டு போடுகிறார். அல்லது ஆபரேஷன் செய்து, தகடும் திருகாணியும் வைத்து நிறுத்துகிறார். அவ்வளவுதான். முறிந்த இடத்தைக் கூட்டுவது உடம்பின் வேலை.

அந்த வேலை எலும்பு முறிந்த அன்றே தொடங்கிவிடுகிறது. முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த இடம் வீங்குகிறது. சூடாகிறது. வலிக்கிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே வந்து சேருகின்றன. நைந்துபோன சதைத் துணுக்குகளையும், செத்த அணுக்களையும் அப்புறப்படுத்துகின்றன.

பிறகு எலும்பின் மேல் தோலில் இருந்தும், உள்ளே இருக்கும் மஜ்ஜையில் இருந்தும் புதிய அணுக்கள் வருகின்றன. இரண்டு மூன்று வாரங்களில், முறிந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே மெத்தென்று ஒரு பாலம் உண்டாகிறது. காது மடலைத் தொட்டுப் பாருங்கள். வளைகிறது அல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரிப் பொருளால் ஆன பாலம் அது.

அந்தப் பாலத்தில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. மெத்தென்று இருந்தது கெட்டி ஆகிறது. குருத்து எலும்பு, உண்மையான எலும்பாக மாறுகிறது. மணிக்கட்டு முறிந்தால் இதற்குச் சுமார் 6 வாரம் ஆகலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு என்றால் 3 மாதம், 4 மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சிறு குழந்தைகளுக்குச் சீக்கிரம் கூடும்.

இத்தனை வேலைக்கும் முதல் படி எது? நாம் வெறுக்கும் அந்த வீக்கமும் சூடும்தான்!

ஆலைச் சங்கு

காலையில் ஆலைச் சங்கு ஊதுகிறது. ஊருக்கே காது அடைக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் தொழிலாளிகள் வேலைக்கு வருகிறார்கள்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு சங்கு உண்டு. அதன் பெயர் புராஸ்டாகிளாண்டின். அடிபட்ட இடத்தில் உடம்பே இதைச் சுரக்கிறது. இது இரண்டு வேலை செய்கிறது. நரம்பைக் கிளறி வலியை அதிகமாக்குகிறது. அதே சமயம், முறிந்த எலும்பைக் கட்டும் அணுக்களை வேலைக்குக் கூப்பிடுகிறது.

வலியும் வேலையும் ஒரே சங்கில் இருந்து வருகின்றன. சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

ஆஸ்பிரின் மாத்திரை 1899-ம் ஆண்டிலேயே கடைக்கு வந்துவிட்டது. உலகம் முழுவதும் கோடிக் கணக்கான மக்கள் அதை விழுங்கினார்கள். வலி போயிற்று. ஆனால் எப்படிப் போயிற்று என்பது 70 ஆண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 1971-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் அதைக் கண்டுபிடித்தார். உடம்பு புராஸ்டாகிளாண்டினைச் சுரக்காதபடி ஆஸ்பிரின் தடுத்து விடுகிறது என்று காட்டினார். 1982-ம் ஆண்டு நோபல் பரிசு, அவருக்கும் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

அதாவது, ஆஸ்பிரின் சங்கையே நிறுத்தி விடுகிறது. காதுக்கு நிம்மதி. ஆனால் தொழிலாளி எப்படி வருவான்?

இரண்டு வகை மாத்திரை

"வலி மாத்திரை" என்று ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறோம். அது ஒரே மாத்திரை அல்ல. முக்கியமாக இரண்டு வகை உண்டு.

முதல் வகை, வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைப்பது. ஐபுபுரூபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், நிமசுலைடு, பைராக்சிகாம், இண்டோமெதசின், கீட்டோரோலாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் இந்த வகை. சங்கை நிறுத்தும் மாத்திரைகள் இவைதான்.

இரண்டாவது வகை, பாராசிட்டமால். காய்ச்சலுக்குக் கொடுப்பார்களே, அதுதான். இது பெரும்பாலும் மூளைப் பக்கம் வேலை செய்கிறது. வீக்கத்தை அவ்வளவாகத் தொடுவது இல்லை. சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். காதில் கொஞ்சம் பஞ்சு வைத்தது போல.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல மாத்திரைகளில் இரண்டும் கலந்து இருக்கும். அசிக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் வருகின்றன. ஐபுபுரூபனும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் வருகின்றன. "இது பாராசிட்டமால்தானே" என்று நினைத்து விழுங்குகிறவர், தமக்குத் தெரியாமலே மற்ற மருந்தையும் சேர்த்து விழுங்குகிறார். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எலிகள் சொன்ன சேதி

சங்கை நிறுத்தினால் எலும்பு கூடாதா? இதைக் காண அமெரிக்காவில் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2002-ம் ஆண்டில் அந்த முடிவு வெளிவந்தது. கால் எலும்பு முறிந்த எலிகளுக்கு, புராஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் புதிய வகை மருந்துகளைக் கொடுத்தார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை. அந்தச் சங்கை உண்டாக்கும் பொருளே பிறவியில் இல்லாத சுண்டெலிகளையும் பார்த்தார்கள். அவற்றின் எலும்பும் ஒழுங்காகக் கூடவில்லை.

எலி வேறு, மனிதன் வேறு. சரிதான். மனிதர்களிடம் என்ன கண்டார்கள்?

முதுகெலும்பில் ஒரு ஆபரேஷன் உண்டு. ஆட்டம் காணும் இரண்டு எலும்புகளை ஒன்றாகக் கூடும்படி செய்வார்கள். அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 288 பேரின் கணக்கு 1998-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு கீட்டோரோலாக் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 17 பேருக்கு எலும்பு கூடவில்லை. போட்டுக்கொள்ளாதவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் கூடவில்லை.

17 எங்கே, 4 எங்கே!

குடையும் மழையும்

இதைக் கேட்டதும் எல்லா டாக்டர்களும் தலையாட்டிவிடவில்லை. சிலர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்.

மழை பெய்யும் நாளில் தெருவில் குடை அதிகம். அதனால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா? அது போல, எலும்பு சரியாகக் கூடாதவருக்கு வலி அதிகம் இருக்கும். வலி அதிகம் என்பதால் அவர் மாத்திரை அதிகம் விழுங்குவார். மாத்திரையால் எலும்பு கூடவில்லையா? எலும்பு கூடாததால் மாத்திரை விழுங்கினாரா?

நியாயமான கேள்வி. இதற்கு ஓரளவு பதில், வேறு ஒரு காரியத்துக்காகச் செய்த சிகிச்சையில் இருந்து கிடைத்தது.

இடுப்பு மூட்டின் கிண்ணம் உடைந்து ஆபரேஷன் செய்தால், சிலருக்கு வேண்டாத இடத்தில் எலும்பு முளைத்துவிடும். தசைக்குள் எலும்பு வளர்ந்து காலை மடக்க முடியாமல் செய்துவிடும். அதைத் தடுக்க டாக்டர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, கதிர்வீச்சு. மற்றொன்று, இண்டோமெதசின் மாத்திரை.

ஆம்! எலும்பு வளராமல் தடுப்பதற்கென்றே வலி மாத்திரையைக் கொடுக்கிறார்கள்!

இப்படி அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர்களில் பலருக்கு, அதே விபத்தில் கை எலும்போ கால் எலும்போகூட முறிந்திருந்தது. சிலருக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சிலருக்கு இண்டோமெதசின் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். இரண்டுமே தேவைப்படாதவர்களும் இருந்தார்கள். பிறகு கைகால் எலும்புகள் கூடினவா என்று பார்த்தார்கள். 2003-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இண்டோமெதசின் விழுங்கியவர்களில் 100-க்கு 26 பேருக்கு எலும்பு கூடவில்லை. மற்றவர்களில் 100-க்கு 7 பேர்தான்.

இங்கே வலி அதிகம் என்பதற்காக யாரும் மாத்திரை கேட்டு வாங்கவில்லை. ஆகவே குடைக் கதை இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

மறு பக்கமும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது.

குழந்தைகளுக்குக் கை முறிந்தபோது ஐபுபுரூபன் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாராசிட்டமால் கொடுத்த குழந்தைகளோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் எலும்பு நன்றாகவே கூடியது.

பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2019-ம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரியவர்களில், இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு தாமதமாகக் கூடுவதும், கூடாமல் போவதும் சுமார் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. ஆனால் குழந்தைகளில் அந்த வித்தியாசம் இல்லை. குறைந்த அளவில் சில நாள் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கெடுதல் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

அதே 2019-ம் ஆண்டில், அமெரிக்க எலும்பு முறிவு டாக்டர்களின் சங்கம் தன் யோசனையை வெளியிட்டது. எலும்பு முறிந்தவர்களுக்கு வலி போக்கும் சிகிச்சையில் இந்த மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மாத்திரையைக் கொடுக்காவிட்டால் அபினி இனத்து மருந்தைக் கொடுக்க வேண்டி வரும். அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அடிமையாகி உயிரை விட்டவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் யார் சொல்வது சரி?

இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய சண்டை இல்லை என்பது தெரியும். கெடுதல் கண்ட இடங்களில் பெரும்பாலும் மருந்தின் அளவு அதிகம், அல்லது நாள் அதிகம். கெடுதல் காணாத இடங்களில் அளவு குறைவு, நாளும் குறைவு. எலிகளிடமும் இதையே கண்டார்கள். மருந்தை நிறுத்தியதும் சங்கு மறுபடியும் ஊதத் தொடங்கியது.

ஆகவே சண்டை மாத்திரையோடு அல்ல. நாளோடுதான்!

முதல் சில நாட்கள் வலி கொடுமையாக இருக்கும். அப்போது டாக்டர் பார்த்துக் கொடுக்கும் மாத்திரையைப் பயப்படாமல் சாப்பிடலாம். வலி தாங்காமல் தூக்கம் கெட்டால் உடம்பு தேறாது. விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து மூச்சை நன்றாக இழுக்காமல் இருந்தால் நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும். வயதானவர் வலிக்குப் பயந்து படுக்கையிலேயே கிடந்தால் வேறு நோய் வந்து சேரும். வலியைப் போக்குவதும் வைத்தியம்தான்.

ஆனால் ஆறாவது நாளில் இருந்து அறுபதாவது நாள் வரை, யாரும் கேட்காமல் ஓடும் மாத்திரை இருக்கிறதே, அது வைத்தியம் அல்ல. அது பழக்கம்.

கூடாத எலும்பின் விலை

ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். சாரத்தில் இருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. நல்லபடியாகக் கூடினாலே மூன்று நான்கு மாதம் கூலி இல்லை. வீட்டில் இருக்கும் குண்டுமணித் தங்கமும் அடகுக் கடைக்குப் போய்விடும்.

எலும்பு கூடவில்லை என்றால்? மறுபடியும் ஆபரேஷன். இடுப்பில் இருந்து எலும்பை எடுத்துக் காலில் வைக்க வேண்டி வரலாம். மறுபடியும் மாதக் கணக்கில் படுக்கை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் ஆபரேஷன் செய்தாலும், போகாத வேலைக்கு யார் கூலி கொடுப்பார்? பிள்ளையின் படிப்பு நிற்கிறது. மனைவி கூடுதலாக ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறாள்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எலும்பு தாமதமாகக் கூடினால் தொல்லை. உடம்பை நம்பி வாழ்பவருக்கு அது குடும்பமே ஆட்டம் காணும் விஷயம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் இவர்கள்தான். ஏன் என்றால், டாக்டரிடம் மறுபடி போக ஒரு நாள் கூலி போகும். கடைக்குப் போனால் ஐந்து நிமிடம். ஆகவே அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்

டாக்டர்களே! சீட்டில் மருந்தின் பெயரை எழுதுகிறீர்கள். காலை, மாலை என்று எழுதுகிறீர்கள். அதோடு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். "இந்தத் தேதிக்குப் பிறகு இந்த மாத்திரை வேண்டாம். வலி இருந்தால் என்னிடம் வரவும்." இதைத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டம் அதிகம் என்றால் ரப்பர் முத்திரை செய்து குத்துங்கள்.

மருந்துக் கடைக்காரர்களே! டைக்ளோபினாக் போன்ற மருந்துகள் "எச்" அட்டவணையில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். 1945-ம் ஆண்டு மருந்து விதிகளிலேயே சீட்டு பற்றிய கட்டளை இருக்கிறது. அது கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதற்காகப் போட்ட சட்டம் அல்ல. மாவுக்கட்டோடு வருகிறவரிடம் "எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் ஊர்க்காரருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரிடமோ நர்சிடமோ நான்கு கேள்விகள் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

1. இது வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையா, வெறும் பாராசிட்டமாலா?

2. எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?

3. அதற்குப் பிறகும் வலித்தால் எதைச் சாப்பிடலாம்? ஒரு நாளைக்கு எத்தனை?

4. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இருதய நோய் இருக்கிறது. இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா?

நான்காவது கேள்வியை மறக்கக் கூடாது. இந்த மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கி ரத்தம் கசியச் செய்யலாம். சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எலும்பு கூடுமா கூடாதா என்பதில் டாக்டர்கள் வாதாடலாம். இதில் வாதமே இல்லை.

பாராசிட்டமாலும் மிட்டாய் அல்ல. அளவு மீறினால் ஈரல் கெடும். குடிப் பழக்கம் உள்ளவர்கள் கட்டாயம் அதை டாக்டரிடம் சொல்லி அளவு கேட்க வேண்டும்.

அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் எடுத்து வீசிவிடக் கூடாது.

இருதய நோய்க்காகவும் பக்கவாதம் வராமல் இருக்கவும் சிலர் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள். அது வலிக்காகக் கொடுத்தது அல்ல. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுத்தது. அதைத் தாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மூட்டு வாத நோய்க்காக மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. "எனக்கு இப்போது எலும்பு முறிந்திருக்கிறது. இந்த மருந்தைத் தொடரலாமா?" என்று கேளுங்கள். முடிவை அவர் சொல்லட்டும்.

வலி ஒரு காவல்காரன்

இன்னும் ஒன்று. முறிந்த இடத்து வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் ஏதோ சரி இல்லை என்று பொருள். கட்டு இறுக்கமாக இருக்கலாம். எலும்பு விலகி இருக்கலாம். புண்ணில் சீழ் பிடித்திருக்கலாம்.

மாவுக்கட்டுக்குள் வலி தாங்க முடியாமல் ஏறிக்கொண்டே போகிறதா? விரல்கள் மரத்துப் போகின்றனவா? விரல் நீலம் பூத்தோ, வெளுத்தோ, சில்லிட்டோ இருக்கிறதா? விரலை அசைத்தால் உயிர் போகிறதா? மாத்திரை தேடி ஓடாதீர்கள். நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரம் தாமதித்தால் கையோ காலோ போய்விடக் கூடும். மேலும் மேலும் மாத்திரை கொடுத்து வலியை அமுக்கினால், கூச்சல் போடும் காவல்காரனின் வாயைப் பொத்தியது போல ஆகும்.

சாதாரண வீக்கத்துக்கு மாத்திரை இல்லாத வழியும் உண்டு. கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். கட்டு நனையாமல், துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். முறிந்த இடத்தில் தைலம் போட்டு நீவுவது மட்டும் கூடவே கூடாது.

பீடியும் சூப்பும்

மாத்திரையைப் பற்றி வாதம் உண்டு. பீடி சிகரெட்டைப் பற்றி வாதமே கிடையாது. புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு தாமதமாகக் கூடுகிறது. கூடாமல் போவதும் அதிகம். மாவுக்கட்டு போட்ட காலை நீட்டி உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறவர், மாத்திரையைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதும் அதே அளவு முக்கியம்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்பார்கள். குடிக்கலாம், தவறு இல்லை. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைப்பது போல் அதிகம் இல்லை. முட்டை, பால், பருப்பு, கேழ்வரகு, கீரை, மீன் இவற்றில் எது கிடைக்கிறதோ அதைத் தினமும் கொடுங்கள். கொஞ்ச நேரம் வெயில் படும்படி உட்கார வையுங்கள். கட்டிடம் எழும்ப வேண்டும் என்றால் செங்கல்லும் வர வேண்டும் அல்லவா?

இன்றே செய்யலாம்

இந்த விஷயத்தில் புதிய மருந்து வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவை இல்லை. புதிய சட்டமும் வேண்டாம். செலவும் இல்லை. டாக்டர் ஒரு தேதியை எழுத வேண்டும். கடைக்காரர் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர் அந்தத் தேதியை நினைவில் வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்போது மாவுக்கட்டு போட்டிருக்கிறதா? எழுந்து போய் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். என்ன மருந்து என்று படியுங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணுங்கள். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டி இருந்தால், இனிக் கடைக்குப் போக வேண்டாம். நாளைக் காலையில் அட்டையையும் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.